வெப்குவெஸ்ட் (ஆசிரியர் தரும் இணையப் பக்கங்களைப் படித்துச் செய்யும் வகுப்புப் பணி) கொடுத்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுகிறார்களே, என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கம் எட்டாம் வகுப்பு என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். 'ஆத்தங்குடி டைல்ஸ் பற்றி எழுதுக' என்றால் நகல்தான் வரும். 1995-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் வெப்குவெஸ்ட் முறையை வகுத்தபோதே, தேடுவதைவிடக் கிடைத்ததை வைத்து யோசிப்பதே நோக்கம்.

ஆகவே முடிவெடுக்க வையுங்கள்: 'புது வீட்டுக் கூடத்துக்கு ஆத்தங்குடியா, செராமிக்கா?' நால்வர் குழு. வீட்டுக்காரர், கொத்தனார், டைல்ஸ் செய்பவர், செலவுக் கணக்குப் பார்ப்பவர் என ஆளுக்கொரு வேடம். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தகட்டின்மேல் சிமெண்டும் வண்ணமும் ஊற்றி, நீரில் ஊறவைத்து எடுப்பது, சூளை கிடையாது, செராமிக் சுட்டது. விலை, பராமரிப்பு, எரிபொருள் என்று சண்டை போட விஷயம் நிறைய உண்டு.

வேடத்துக்கு இரண்டு இணைப்பு போதும், நீங்களே படித்துப் பார்த்தவை. கூகுளைத் திறந்துவிட்டால் பாடவேளை அதிலேயே போய்விடும். இணைப்புகளை முந்தின நாள் சரிபாருங்கள். பக்கங்களை பிடிஎஃப் ஆகவும் வைத்திருங்கள், நெட் காலை வாரும்.

மூன்று பாடவேளை: வேடம் பிரிக்க, படித்துக் குறிப்பெடுக்க, விவாதித்து முடிவெழுத. மதிப்பெண் அட்டவணையை முதல் நாளே கொடுங்கள். பாதி மதிப்பெண் காரணங்களுக்கு. அழகான சார்ட்டுக்கு ஒன்றிரண்டு போதும்.