எலிகள் பிழைத்துக்கொண்டன, பிசின் பாதுகாப்பானது என்று எழுதலாமா?

எம்.ஃபார்ம் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாத்திரைத் தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பைண்டராக முருங்கைப் பிசினைப் பயன்படுத்துகிறேன். ஓ.இ.சி.டி. 423 (ஒரே டோஸ் நச்சுச் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டி) முறைப்படி ஆறு பெண் எலிகளுக்குக் கிலோவுக்கு 2000 மி.கி. வாய்வழி கொடுத்து 14 நாள் பார்த்தோம், ஒன்றும் சாகவில்லை. 'எல்.டி.50 2000 மி.கி., வாய்வழி உட்கொள்ளப் பாதுகாப்பானது' என்று தீசிஸில் எழுதலாமா?"

எழுதாதீர்கள். முதலில் அந்த எண்ணே தப்பு. எல்.டி.50 என்றால் பாதி விலங்குகள் சாகும் டோஸ், உங்களிடம் ஒன்றுகூடச் சாகவில்லையே! '2000 மி.கி.க்கும் அதிகம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒரே ஒரு தடவை கொடுத்தால் உடனே கொல்லாது என்பதுதான் இந்தச் சோதனை தரும் பதில், தினமும் மூன்று வேளை மாத்திரை போடுகிறவருக்கு அது போதாது.

இன்னொன்றும் கேட்கிறேன், அந்த டோஸை எப்படிக் கொடுத்தீர்கள்? 200 கிராம் எலிக்கு 400 மி.கி. பிசின், நீரில் கரைத்துக் கொடுத்தால் அதிகபட்சம் 4 மி.லி.தான், அதாவது 10 சதவீதக் கரைசல். முருங்கைப் பிசின் ஊறி வீங்கும் சரக்கு, அந்த அளவில் களி மாதிரி ஆகி ஊசியில் இறங்க மறுக்கும். 24 மணி நேரத்துக்குள் பிரித்துக் கொடுக்க அந்த வழிகாட்டியே இடம் தருகிறது. அப்படிச் செய்திருந்தால் அதை அப்படியே தீசிஸில் எழுதுங்கள்.

அடுத்து தினமும் கொடுத்துப் பார்க்கும் 28 நாள் சோதனை, ஓ.இ.சி.டி. 407. ஒரு குழுவுக்கு ஐந்து ஆண், ஐந்து பெண், மூன்று டோஸ், பிசின் கொடுக்காத ஒரு கன்ட்ரோல் குழு, ஆக 40 எலிகள், ஆரம்பிக்கும் முன்பே விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். பிசினைத் தீவனத்தில் கலந்துவிடலாம். பெருங்குடல் முனை (சீக்கம்) பெருத்தும் மலம் இளகியும் இருந்தால் பயந்துவிடாதீர்கள், செரிக்காத பிசின் அங்கே நொதிப்பதால் எலிகளில் வழக்கமாகத் தெரிவதுதான், ஆனால் எடை போட்டுக் குறித்து வையுங்கள், திசுவையும் பாருங்கள்.

அதில் நாளுக்கு 1000 மி.கி./கிலோ வரை பாதகம் தெரியாவிட்டால் கணக்கு உங்களுக்குச் சாதகம்தான். எலி டோஸை மனித டோஸாக மாற்ற, உடல் பரப்பை வைத்து வழக்கமாக எடுக்கும் 6.2-ஆல் வகுத்தால் மனிதருக்கு 161 மி.கி./கிலோ. 500 மி.கி. மாத்திரையில் 5 சதவீதப் பிசின், நாளுக்கு மூன்று மாத்திரை என்றால் 60 கிலோ ஆளுக்கு 1.25 மி.கி./கிலோதான். கிட்டத்தட்ட 130 மடங்கு இடைவெளி! தீசிஸில் போட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

ஆனால் எலி காட்டிக்கொடுக்காத ஆபத்துகளும் உண்டு, எனக்கு உண்மையில் கவலை அங்கேதான். கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் கம் காலங்காலமாக உணவில் சேர்வது. அதையே எடை குறைக்கும் மாத்திரையாக அமெரிக்காவில் விற்றபோது உணவுக்குழாயில் வீங்கி அடைத்துக்கொண்டதால் 1990-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தலையிட்டது. 2007-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா போன குவார் கம்மில் டையாக்சின் என்ற நச்சும் பென்டாகுளோரோபீனால் என்ற பூச்சி, பூஞ்சைக்கொல்லியும் இருந்தன. கொத்தவரை என்ன செய்யும், வெளியிலிருந்து வந்த மாசு அது. உங்கள் பிசினும் பட்டையில் வழிந்து தூசியும் பூச்சியும் ஒட்டிக்கொண்டு வருவதுதான்.

அதனால் அடுத்த எலியைத் தொடும் முன் அதே பேட்சில் ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், பூஞ்சை, அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நச்சு, பூச்சிமருந்து எச்சம் எல்லாம் பாருங்கள். பிசினைக் கரைசலிலிருந்து அசிட்டோனால் வீழ்படிவாக்கிப் பிரித்திருந்தால் அசிட்டோன் எச்சம் 5000 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். எந்த ஊர் மரம், எந்த மாதம் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள், அடுத்த பேட்ச் வேறு மாதிரி நடந்துகொண்டால் தேடிப்போக அந்தக் குறிப்பு வேண்டும்.