கணினிக் கேள்வி பதில்: போயும் போகாத தீச்சுவர்

கேள்வி: எனது விண்டோஸ் 11 மடிக்கணினியில் இருந்த தீச்சுவர் மென்பொருளுக்குச் சந்தா முடிந்தது. அதை நீக்கிவிட்டு வேறொரு நிறுவனத்தின் இலவசத் தீச்சுவரைப் போட்டேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐந்தாறு விநாடி வெள்ளையாகவே நிற்கிறது, பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்துவிடுகிறது. அதே வைஃபையில் கைத்தொலைபேசிக்கு ஒரு குறையும் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு கதைக்க உட்கார்ந்தால் அழைப்புக் கிடைக்கவே நேரமாகிறது. தீச்சுவரையே நிறுத்திவிடும்படி ஒரு கடையில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா, ஐயா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: நிறுத்தவே வேண்டாம், ரீச்சர். தீச்சுவர் (ஃபயர்வோல்) என்பது கணினிக்குள் வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கும் காவல் மென்பொருள். தலைவலிக்குக் கதவைக் கழற்றி வைக்கச் சொல்வது போன்ற யோசனை அது.

நோய் எங்கே என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். தொலைபேசி நன்றாக ஓடுவதால் லைனிலும் ரவுட்டரிலும் பிழை இல்லை. லைன் மெதுவானால் பக்கம் துண்டு துண்டாக வரும், படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கும். உங்களுக்கோ முதலில் ஒன்றுமே இல்லை, பிறகு எல்லாமே வருகிறது. அந்த ஐந்தாறு விநாடியும் கணினி முகவரி தேடுகிற நேரம். தளத்தின் பெயரை நீங்கள் கொடுத்ததும், அதற்குரிய எண் முகவரியை விண்டோஸ் டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கிறது. அந்தக் கேள்வி வழக்கமாக 53ஆம் இலக்க வாயிலுக்குப் போகும். வழியில் யாராவது மறித்தால் மறுமொழி வராது. விண்டோஸ் காத்திருந்து மறுபடி கேட்கும், பிறகு அடுத்த சேவையகத்தைக் கேட்கும்.

மறிப்பது யார்? நீங்கள் நீக்கிய பழையதன் மேல்தான் என் சந்தேகம். இத்தகைய மென்பொருள்கள் வலையமைப்பு அட்டைக்கும் விண்டோஸுக்கும் நடுவே, வந்து போகும் தரவைச் சோதிக்கும் வடிகட்டி டிரைவர் என்ற சிறு நிரல் ஒன்றைச் செருகி வைக்கின்றன. மென்பொருளை நீக்கும்போது ஐகன் மறைந்துவிடும், வடிகட்டி சில வேளை அங்கேயே தங்கிவிடும். புதியதும் வந்து சேர்ந்தால் ஒரே வாசலில் இரண்டு காவலாளர்கள்.

கண்ணாலேயே பார்க்கலாம். கன்ட்ரோல் பனலில் நெட்வொர்க் இணைப்புகளுக்குப் போய், வைஃபை என்பதன் மேல் வலது பொத்தானை அழுத்தி, புரொப்பர்ட்டீஸைத் திறவுங்கள். சரிக்குறி இட்ட சின்னச் சின்னச் சதுரங்களோடு ஒரு பட்டியல் வரும். மைக்ரோசொஃப்ட் பெயரில் உள்ளவையும் இணைய நெறிமுறை 4, 6 என்பவையும் இருக்க வேண்டியவை, அவற்றைத் தொடாதீர்கள். இடையில் பழைய நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அதன் சரிக்குறியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் சந்தேகம் தீராது. இந்தப் பட்டியலில் தலைகாட்டாத வடிகட்டிகளும் உண்டு.

எனக்கும் இது நடந்தது. லைன்தான் பிழை என்று நம்பி இணைப்பு நிறுவனத்துக்கு இரண்டு நாள் முறையிட்டேன். மாரி மழைக்குள் ஊழியர் ஒருவர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். பிழை என் மேசையில் இருந்தது. அந்தப் பிள்ளை நனைந்து நின்றது இன்றும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பழைய நிறுவனத்தின் தளத்தில் முழுமையாக அகற்றும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள், பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன. முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு புதிய தீச்சுவரையும் நீக்கி, கணினியை மறுபடி தொடக்கி, கருவியை ஓட்டுங்கள். அதன் பின்னும் தாமதித்தால் விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் ரீசெட் செய்யுங்கள். அது வைஃபை கடவுச்சொல்லையும் மறந்துவிடும், ஆகவே முன்கூட்டியே ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் காவலின்றி இருக்கப் போவதில்லை. விண்டோஸுக்குச் சொந்தத் தீச்சுவர் உண்டு. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்புக்கு வந்த இரண்டாம் சேவைப் பொதியிலிருந்தே (சேர்விஸ் பாக் 2) அது இயல்பாக இயங்குகிறது. மற்றவை நீங்கியதும் அது இயங்குகிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாவனைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. புதியதுதான் வேண்டுமென்றால், பக்கங்கள் உடனே திறப்பதை உறுதிசெய்த பிறகு போடுங்கள். போட்டதும் தாமதம் திரும்பினால் குற்றவாளி அதுதான்.

வேலையை நண்பகலில் தொடங்குங்கள். ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு கடந்திருக்கும். மகள் எழும்புவதற்குள் முடித்துவிடலாம்.