சும்மா இருக்குமா பட்டாளம்?

கே: போர் முடிந்துவிட்டால் ராணுவத்துக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவார்களா?
— வாசகர், பாலக்கோடு

ப: சும்மாவா! அந்தக் கலையில் நம் டீக்கடை பெஞ்சை எந்த ராணுவமும் ஜெயிக்க முடியாது. எல்லைப் போர்கள் பாதி அங்கேதான் நடக்கின்றன. பஜ்ஜி வந்தால் போர்நிறுத்தம். சட்னி தீர்ந்தால் மறுபடி தாக்குதல்.

நிஜப் பட்டாளத்துக்குச் சண்டை ஓய்ந்த பிறகுதான் அலுப்பான வேலை. கண்ணிவெடி எடுக்கணும், பாலம் போடணும், கைதிகளைப் பார்த்துக்கொள்ளணும். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை 13 நாள். சரணடைந்த சுமார் 93,000 பேருக்குச் சோறு போட்டுக் காவல் காத்து, ஊருக்கு அனுப்பி முடிக்க 1974 ஆகிவிட்டது.

அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் காலடி மண்ணையே பாருங்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் உங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரி வசூலுக்குக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் மதராஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. அவர்களுக்கு ஊர்ப் பாஷை வராது. வந்தவர் கேப்டன் ரீடு. உதவிக்கு மக்லியாட், கிரஹாம், பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. நாலு பேருமே பட்டாளத்தார். துப்பாக்கியை ஓரம் வைத்துவிட்டு வயல் வயலாக அளந்து தீர்வை போட்டார்கள். உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இங்கேதான். ஏழு வருஷம் இதே பிழைப்பு. 1799இல் மறுபடி மைசூர்ப் போர் என்றதும் ரீடு ராயக்கோட்டைப் பக்கம் படைக்குத் தானியமும் மாடும் சேர்க்கக் கிளம்பிவிட்டார். வரி வாங்கியவருக்குத்தானே எவன் வீட்டுக் குதிரில் எவ்வளவு என்று தெரியும்!

மன்றோ பெயரை எழுதிவிட்டேனா, இனி சேலத்துக்காரர் கார்டு வரும்: "சென்னையில் குதிரைமேல் இருக்கும் அவர் சிலைக்குக் கால் வைக்கும் அங்கவடி இல்லையே, ஏன்?" ஐயா, சேணமும்தான் இல்லை. குதிரையும் புகார் சொல்லவில்லை, மன்றோவும் இதுவரை விழவில்லை. உங்களுக்கு என்ன கவலை? என் வருத்தம் வேறு. அவரைக் குதிரையில் ஏற்றியதே தப்பு. தோளில் அளவுச் சங்கிலியோடு தர்மபுரி வரப்பில் நிறுத்தியிருக்கணும். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க அலைகிற சனம் தினம் ஒரு முழம் பூவாவது போட்டிருக்கும்.

அது கிடக்கட்டும். பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு பட்டாளத்துச் சம்பளத்தை விசாரிக்கிறீர்களே, மண்டியில் ஒரு பெட்டி தக்காளி என்ன விலைக்குப் போகிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.