'அவர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 34. குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் குடிநோய் மீட்புக் கூட்டத்துக்குப் போகிறேன். நான் தன்பால் ஈர்ப்புள்ள பெண். ஏழு வருடமாக ஒருத்தியோடு வாழ்கிறேன். கூட்டத்தில் என் முறை வந்தால் அவளை 'அவர்' என்பேன். எல்லோரும் கணவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம், "எனக்காக அவர் ராத்திரியெல்லாம் முழித்திருந்தார்" என்றதும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும்" என்றார். சிரித்தேன். வெளியே வந்ததும் நாக்கு வறண்டு, ஒரே ஒரு மடக்கு போதும் என்றிருந்தது. குடிக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களை நான் பயமில்லாமல் சந்தித்ததே பார்களில்தான். இப்போது அங்கும் போக முடியாது, இங்கும் ஒட்ட முடியவில்லை. என் ஈர்ப்புதான் என் குடிக்குக் காரணமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை 1990-லேயே நீக்கிவிட்டது. குடிநோய் இன்றும் அதில் இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது குடிக்கு மட்டும்தான்.

ஆனால் மறைத்து வாழ்வதற்கும் குடிக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள்ளேயே திருத்திப் பேசுகிறவரின் உடம்பு விறைத்தே கிடக்கும். மது அந்த விறைப்பைத் தளர்த்தும் என்று உங்கள் மூளை பல வருடம் பழகியிருக்கிறது. அன்று நாக்கு வறண்டது அதனால்தான். அப்படியும் குடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தீர்களே, அதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒருவர் போதும். அந்த ஒருவர் உங்கள் ஸ்பான்சராக, அதாவது கூட்டத்தில் உங்களுக்கு வழித்துணையாக இருக்கும் மூத்த உறுப்பினராக இருக்கலாம். ஸ்பான்சராகப் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது வழக்கம். இடையில் காதல் வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கு மாறும். பல வருடம் குடிக்காமல் இருக்கும், நிதானமான ஓர் ஆண்கூட உங்களுக்குப் பொருந்தலாம். முதலில் பொதுவாகப் பேச்சுக் கொடுத்து, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் வழியில் நடக்கும் கூட்டமென்றால், அதன் 'மூன்றாம் மரபு' என்ற நெறி உறுப்பினரிடம் கேட்பது ஒன்றுதான்: குடியை நிறுத்தும் விருப்பம். தன்பால் ஈர்ப்பாளர்களுக்கென்றே இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. பார் தந்த நட்பை அங்கே தேடிப் பாருங்கள்.

குடிக்கும் ஏக்கம் அடிக்கடி வந்தால், அதைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை பற்றி மனநல மருத்துவரிடம் கேளுங்கள். ஒருவேளை வழுக்கி மறுபடி தினக்குடியாகிவிட்டால், தனியாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கையான அந்த ஒருவரிடம் 'அவள்' என்று ஒருமுறை சொல்லுங்கள். அன்றைக்கு அவளை வாசலில் வந்து காத்திருக்கச் சொல்லுங்கள். வெளியே வரும்போது நாக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.