விசுவாசம் வராத நாட்களில் கடவுளை நம்ப நானே முடிவெடுக்க முடியுமா?

கேள்வி: "பிறந்ததிலிருந்து கிறிஸ்தவன். ஒரு வருடமாக ஜெபித்தால் மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. சர்ச்சுக்குப் போவதும் நின்றுவிட்டது. கடவுளை நம்புவது நான் எடுக்கவேண்டிய முடிவா, அவராகக் கொடுத்தால்தான் வருமா? விசுவாசத்தில் வளர நான் என்ன செய்யலாம்?"

உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்துவிட்டுப் படுத்தேன். வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியைச் சில வருடங்களுக்கு முன் நான் கடலூர் – பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம், முடிவெடுக்கலாம். ஆனால் எதைப் பற்றி முடிவெடுக்க முடியும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 'இனிமேல் எனக்குச் சந்தேகம் வராது' என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. ஜெபிக்கும்போது கண்ணீர் வரவேண்டும், மனசு உருகவேண்டும் என்றும் முடிவெடுக்க முடியாது. இன்று ராத்திரி வேதாகமத்தைத் திறக்கலாமா, மூடியே வைக்கலாமா? அது உங்கள் கையில் இருக்கிறது. என் அனுபவத்தில் விசுவாசம் வளர்ந்ததெல்லாம் இந்தச் சின்ன இடத்தில்தான்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பிறந்தது பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக் கிராமம். ஆற்காடு லுத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். டேனிஷ் மிஷனரிகள் வளர்த்த சபை, தலைமையிடமும் எங்கள் கடலூர்தான். சபையின் பெயரைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த காலை. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரி, வரப்போரம் ஆறு பலாமரம். காற்று அடங்கி நாங்கள் போனபோது தோப்புக்குள் வெளிச்சமாக இருந்தது. எனக்கு முதலில் உறைத்தது அதுதான். முந்திரித் தோப்புக்குள் உச்சி வெயிலிலும் நிழல் கட்டி நிற்கும். அன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் முழு வானம் தெரிந்தது. மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிடுங்கிய வேரோடு செம்மண் ஆளுயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. பூவெடுக்க ஆரம்பித்திருந்த நேரம். உடைந்த கிளைகளில் பூ அப்படியே இருந்தது. அப்பா விழுந்து கிடந்த ஒரு பலாமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கை முழுக்க அந்த மரத்தை அடியில் நின்று அண்ணாந்துதான் பார்த்திருந்தார், மேலே உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ராத்திரி புத்தாண்டு ஆராதனை. கரண்ட் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. கோயில் ஓடு பாதி பறந்து போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போதகர் ஐயா ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று படித்தவர், ஒரு கணம் நிறுத்தி, "முந்திரியும் பலாவும் இல்லாமற்போனாலும்" என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ விம்மும் சத்தம் கேட்டது. அப்பா தலை நிமிரவில்லை. பாட்டும் பாடவில்லை.

அந்த வசனம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." இருக்கிறேன் என்று அந்தத் தீர்க்கதரிசி சொல்லவில்லை. இருப்பேன் என்கிறார். தொழுவத்தில் மாடு இல்லை, வயலில் தானியம் இல்லை, நெஞ்சில் மகிழ்ச்சியும் அப்போது இருந்திருக்காது. வரப்போகிற நாளுக்காக அவர் வைக்கிற ஒரு வார்த்தை அது. நீங்கள் கேட்ட 'முடிவு' என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

பல வருடம் கழித்து அப்பாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு நீங்க ஆண்டவரை நம்பினீங்களாப்பா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அன்னைக்கு என்ன தோணுச்சுன்னு ஞாபகம் இல்லம்மா. அடுத்த மழைக்குக் குழி எடுத்தேன், அது ஞாபகம் இருக்கு" என்றார்.

உண்மைதான். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் ஒன்றரை அடி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று. காய்ப்புக்கு வர மூன்று வருடம். பலாவுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் தொழுவுரத்தைக் கலந்து, கன்றை வைத்து, ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மூடுவார். அது மண்ணுக்குள் போனால் கன்று அழுகிவிடும். அந்த விரலைத்தான் விசுவாசம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி என் கதை. 2017-ல் அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். காலை ஐந்து மணி பஸ், ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். பதினொரு மாதம். முதல் சில மாதம் வழியெல்லாம் ஜெபித்தேன். பிறகு வார்த்தை வற்றிவிட்டது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் மட்டும் பழக்கத்தில் வாயில் வரும். அதிலும் ஒரு வரி வராது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரைக்கும் சொல்வேன். அடுத்து "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக". அங்கே வாய் நின்றுவிடும். அம்மா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மாவை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். ஞாயிறு ஆராதனையிலும் சபையே ஒரே குரலில் சொல்லும்போது அந்த ஒரு வரிக்கு மட்டும் உதட்டை மூடிக்கொள்வேன். பக்கத்திலிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அந்த நாட்களில் பார்க்க வந்த ஒரு விசுவாசி, அம்மா காதில் விழும்படி, "முழு விசுவாசம் இருந்தால் குணமாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. "எனக்கு எங்கடி குறைஞ்சுபோச்சு?" என்று என்னைக் கேட்டாள். அந்தப் பேச்சை நான் மன்னித்துவிட்டேன், ஆனால் தப்பு என்று இன்றைக்கும் எழுந்து நின்று சொல்வேன். பவுல் தம் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுக் குணத்தை வாங்கிக்கொள்வது கடையில் நடக்கிற காரியம். நீங்கள் நம்பத் தீர்மானிக்கும்போது அந்தக் கணக்கை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது விசுவாசத்தைத் தின்றுவிடும்.

2018-ல் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகும் எட்டு மாதம் அந்த வரியைச் சொல்லவில்லை.

இப்போது சபைப் பெயரைச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். சபையில் முழு அங்கமாகச் சேர்வதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில், எங்கள் சபைப் பெயருக்குக் காரணரான மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற போதனைப் புத்தகத்தை மனப்பாடம் செய்யவைப்பார்கள். 1529-ல் எழுதியது. அதில் விசுவாசப் பிரமாணத்தின், அதாவது நாங்கள் ஆராதனையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையின், மூன்றாம் பகுதிக்கு விளக்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? என் சொந்த புத்தியாலும் பெலத்தாலும் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது, பரிசுத்த ஆவியானவர்தான் சுவிசேஷத்தால் என்னை அழைத்தார் என்று. பதினாலு வயதில் இதை ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். நாற்பதை நெருங்கும்போது அதே வரி என்னைப் பயமுறுத்தியது. என்னால் முடியாது என்றால் நான் எதற்கு முயலவேண்டும்?

பதிலும் அதே சின்னப் புத்தகத்தில்தான் இருந்தது. "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற விண்ணப்பத்துக்கு லுத்தர் சொல்கிற விளக்கம் இது: தேவனுடைய நல்ல சித்தம் நம் ஜெபம் இல்லாமலே நடக்கும், ஆனாலும் அது நம்மிடத்திலும் நடக்கவேண்டும் என்று இதில் கேட்கிறோம். ஒரு மாலை, அம்மாவின் அலமாரியை ஒழிக்கும்போது அவளுடைய பழைய பிரதி கையில் கிடைத்தது. மடிப்பில் நூல் விட்டுப்போன பிரதி. நின்றபடியே படித்தேன். நான் கையெழுத்துப் போடாததால் எதுவும் நின்றிருக்கப் போவதில்லை. நான் வாய் திறந்து சொன்னதால் அம்மா போயிருக்கவும் மாட்டாள். அந்தப் பாரம் என்னுடையதே இல்லை. எனக்கு மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் செய்கிறதற்குள் நானும் இருக்கச் சம்மதமா, வெளியே நிற்கப்போகிறேனா?

அலமாரி முன்னாலேயே சொன்னேன். முழு ஜெபத்தையும், அந்த வரியோடு சேர்த்து. ஒன்றும் நடக்கவில்லை. சமாதானம் வெள்ளமாக வரவில்லை, அழுகையும் வரவில்லை. சேலைகளை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மறுநாளும் சொன்னேன். என்றைக்கு அது வெறும் வார்த்தையாக இல்லாமல் போனது என்று என்னால் தேதி சொல்ல முடியாது. அப்பாவுக்கும் முதல் கொட்டை எந்த நாள் விழுந்தது என்று தெரியாது.

அதனால் உங்கள் கேள்வியில் இருக்கிற 'நானா, அவரா' என்பதை நான் இரண்டு பங்காகப் பிரித்துப் பார்ப்பதில்லை. "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதுகிற பவுல், அடுத்த மூச்சிலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறார். நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? கடவுள் கைவிட்டுவிட்ட ஒருவருக்கு ராத்திரியில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்யத் தோன்றாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். எனக்கு உதவியதைச் சொல்கிறேன். நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மனநிலைக்குக் காத்திருக்காதீர்கள். எனக்குக் காலையில் பால் பொங்குவதற்கு முன்னால். சங்கீதங்கள் 150. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் ஒரு மாதத்தில் முடியும். உங்கள் நிலைமையில் ஒன்று போதும். பதின்மூன்றாம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறார். கடவுள் முகத்துக்கு நேராக இப்படிக் கேட்க அனுமதி இருக்கிறது என்று எனக்கு முப்பத்தெட்டு வயதுவரை தெரியாது. நல்ல பிள்ளையாகவே ஜெபித்திருந்தேன். கோபத்தையும் அவரிடமே கொண்டுபோகத் தீர்மானித்த பிறகுதான் உறவு என்ற ஒன்று மறுபடி தொடங்கியது.

எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் ஒருமுறை படியுங்கள். அது ஆறுதல் எதுவும் இல்லாமலே முடிந்துவிடும். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

உபவாசம், வேதபாடக் கூட்டம், ஊழியம் இதெல்லாம் நல்லதுதான். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு குழி.

சர்ச்சுக்கு மட்டும் போங்கள். உங்களால் நம்ப முடியாத நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். எட்டு மாதம் என் சபை அந்த ஒரு வரியை எனக்காகச் சொன்னது. கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டபிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவருக்கே மூன்று தரம் வேண்டியிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாட வரவில்லையென்றால் பாடவேண்டாம். பரமண்டல ஜெபம் வரும்போது எதைச் சொல்ல முடிகிறதோ அதைச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வரியில் வாய் நின்றால் நிற்கட்டும். எந்த வரி என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமும் போய் அந்த வரி வருகிறவரைக்கும் சொல்லிப் பாருங்கள்.