கடல் நடுவே கைபேசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாரக்கணக்கில் கப்பலில் போகவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கரையில் இருக்கும்போதே அரை நாள் ஒதுக்கினால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே எழாது. ஆகவே, கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

போன பயணத்தில் நான் யாரையும் அழைக்கவில்லை. சிக்னல் மட்டும் நன்றாக இருந்தது. வீடு திரும்பியதும் பெரிய தொகைக்கு பில் வந்தது. எப்படி?

அந்த நல்ல சிக்னல்தான் காரணம். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போது மேல்தளத்தில் நின்று கைபேசியைக் கவனியுங்கள். கரை விலக விலக சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றும் இருக்காது. பிறகு, சுற்றிலும் தண்ணீர் மட்டுமே தெரியும் நேரத்தில், எல்லாக் கோடுகளும் திடீரென்று நிரம்பும். அந்த சிக்னல் கரையிலிருந்து வருவதல்ல. கப்பலுக்குள் பொருத்தியிருக்கும் சிறிய செல்பேசி நிலையத்திலிருந்து வருகிறது. உங்கள் அழைப்பை அது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. நெட்வொர்க்கின் பெயர் தெரியும் இடத்தில் ‘செல்லுலார் அட் சீ’ என்றோ 901 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால் அதுதான் இது. எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேச நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கப்பட்ட எண் 901.

டேட்டா ரோமிங் திறந்திருந்தால், நீங்கள் தொடாமலே செயலிகள் பின்னணியில் வேலை செய்துகொண்டிருக்கும். எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால், அதற்கும் ரோமிங் கட்டணம் விழ வாய்ப்புண்டு. நாடுகளுக்கான ரோமிங் பேக் போட்டிருந்தாலும், கப்பல் நெட்வொர்க் பெரும்பாலும் அதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சலுகைகூட கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்குக் கிடையாது.

கப்பல் புறப்படும் முன்பே ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு, அதன் பிறகு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். டேட்டா ரோமிங்கையும் தனியாக அணைத்துவிடுங்கள். தவறுதலாக ஃபிளைட் மோட் போய்விட்டாலும் அது காப்பாற்றும். வாய்ஸ்மெயிலுக்கு அழைப்பு திரும்புவதை வீட்டிலிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். கடலில் இருக்கும்வரை வைஃபை ஒன்றே உங்கள் வழி. இதில் மட்டும் நான் எந்த விதிவிலக்கும் சொல்ல மாட்டேன்.

கப்பலின் இன்டர்நெட் திட்டம் வாங்கினால் வீடியோ காலில் பேச முடியுமா? முன்பு ஒரு பயணத்தில் மின்னஞ்சல் திறப்பதே பெரும் பாடாக இருந்தது.

கப்பல் எந்தச் செயற்கைக்கோளைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. பழைய முறையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கிறது. நீங்கள் சொன்னது மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் வந்து சேர அரை வினாடி ஆகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. அந்தத் தாமதம் அநேகமாகத் தெரியவே தெரியாது. 2022இல் ராயல் கரீபியன் தன் கப்பல்களில் இதைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. மற்றப் பெரிய நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன. ஆகவே முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

நல்ல இணைப்பு உள்ள கப்பலிலும் எல்லோரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். கரை காணாத நாட்களின் மாலை வேளைதான் மிக மோசம். விடியற்காலை நன்றாக இருக்கும். கேபினின் சுவர் உலோகம் என்பதால் உள்ளே சிக்னல் மெலிந்திருந்தால் கதவருகே வந்து பாருங்கள். பல கப்பல்களில் வைஃபை கருவிகள் நடைபாதைக் கூரையில் இருக்கும்.

துருவப் பக்கம் போகும் பயணமாக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பூமத்திய ரேகைச் செயற்கைக்கோள் தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும். உயர்ந்த மலைகளுக்கு நடுவே கப்பல் நுழைந்தால் மலையே மறைத்துவிடும். அதோடு, சீனாவைப் போல ஸ்டார்லிங்க் சேவைக்கு அனுமதி இல்லாத நாடுகளின் கடல் எல்லைக்குள் அந்த இணைப்பு கிடைக்காது. அந்த நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரும் நானும் ஒரே திட்டத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?

‘ஒரு கருவி’ என்றால் ஒரு நேரத்தில் ஒரு கருவி என்றுதான் பொதுவாக அர்த்தம். ஒருவர் லாக் அவுட் செய்தபின் மற்றவர் நுழையலாம். லாக் அவுட் செய்யாமல் வைஃபையை மட்டும் அணைத்தால் கணக்கு முதல் கருவியின் பிடியிலேயே இருக்கும். புதிய கைபேசிகள் தனியுரிமைக்காக வைஃபை முகவரியை மாற்றிக் காட்டுகின்றன. இதனால் ஏற்கெனவே நுழைந்த உங்கள் கைபேசியையே கப்பல் புதியதென்று நினைத்து மறுபடி கேள்வி கேட்டால், கப்பலின் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்துங்கள்.

இன்னொன்று: பல கப்பல்களின் சொந்தச் செயலியில் பயணிகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப இன்டர்நெட் திட்டமே தேவையில்லை. “சாப்பாட்டுக்கு எங்கே வர?” என்று கேட்க அது போதும்.

வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி எஸ்எம்எஸ் வேண்டும். நடுக்கடலில் அது வருமா?

மிகச் சிரமப்படுத்துவது இதுதான். சிலரது சிம்மில் வைஃபை காலிங் (செல்பேசி சிக்னலுக்குப் பதிலாக வைஃபையிலேயே அழைப்புகள் போகும் வசதி) வழியாக எஸ்எம்எஸ்ஸும் வரும், சிலருக்கு வராது. கிளம்பும் முன்பே வீட்டில் ஃபிளைட் மோடைப் போட்டு, வைஃபையைத் திறந்து, வங்கியில் நுழைந்து பாருங்கள். ஓடிபி வந்தால் நம்பிக்கை உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வைஃபை காலிங்கைச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, அதையும் கேட்டுவிடுங்கள்.

உறுதியான வழி, எஸ்எம்எஸ்ஸைச் சாராமல் இருப்பதுதான். வங்கியும் மின்னஞ்சலும் ஏற்றுக்கொண்டால் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். 30 வினாடிக்கு ஒரு முறை அது எண்ணைக் கைபேசிக்குள்ளேயே உருவாக்கிக்கொள்கிறது, இன்டர்நெட்டே வேண்டாம். அதற்கு வேண்டியதெல்லாம் சரியான நேரம் மட்டுமே. இங்கேதான் கப்பல் பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘இன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. கைபேசி ஃபிளைட் மோடில் இருப்பதால் தானாக மாறவில்லை; கையாலேயே மணியை மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் எந்தக் குறியீடும் செல்லவில்லை. மணியைத் தொடாதீர்கள், நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே கைபேசி வைத்திருக்கும் உலக நேரம் முதல் வழியில் ஒரு மணி நேரம் பிசகிவிடுகிறது.

மாதக்கணக்கான பயணம் என்றால் சிம்மின் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்து எண் துண்டிக்கப்பட்டால், அதை நம்பியிருக்கும் எல்லாமே கூடவே போய்விடும்.

துறைமுகங்களில் இறங்கும்போது இ-சிம் போதுமா?

போதும், அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே ஏற்றும் இந்த சிம்தான் என் தேர்வும். பிராந்தியத் திட்டமாக வாங்கி, வீட்டிலேயே கைபேசியில் ஏற்றிவிடுங்கள். கைபேசி ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்படாததாக இருக்க வேண்டும். உங்கள் பயண நாடுகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இ-சிம் கரைக்கு மட்டுமே, நடுக்கடலில் வேலை செய்யாது.

துறைமுகத்தில் சொந்த எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்கும் இ-சிம்மை டேட்டாவுக்கும் வைத்துக்கொள்ளலாம். ‘புதிய எண்ணுக்கு மாற வேண்டுமா?’ என்று வாட்ஸ்அப் கேட்டால் மறுத்துவிடுங்கள். பழைய எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும்.

சொந்தமாக சாட்டிலைட் போன் வாங்கிக்கொள்ளட்டுமா?

சாதாரண உல்லாசக் கப்பலுக்குத் தேவையில்லை. இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியின்றி அதைக் கொண்டுவருவதே குற்றம். சொந்த ஸ்டார்லிங்க் ஆன்டெனாவும் வேண்டாம். அவற்றைத் தடைசெய்திருக்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு.

இரண்டு நாள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் அம்மா பயந்துவிடுவார். வீட்டில் ஏதாவது நேர்ந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்கு ஒரு தாளில் பயண அட்டவணையை எழுதிக் கொடுங்கள். துறைமுக நாட்கள், கடல் நாட்கள், அன்றைய கப்பல் நேரத்துக்கும் அவருடைய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்றும் அதில் இருக்கட்டும். ‘கடல் நாட்களில் செய்தி வராமலும் போகலாம், துறைமுக நாளில் கண்டிப்பாக அழைப்பேன்’ என்று வாயாலும் சொல்லுங்கள். தினமும் பேசுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்; அதுதான் ஒருநாள் தவறினாலும் பதறவைக்கிறது.

அதே தாளில் கப்பலின் பெயர், பயணம் தொடங்கும் தேதி, கேபின் எண், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். உங்கள் கைபேசி அணைந்திருந்தாலும் அந்த எண்ணுக்குச் சொன்னால் கப்பலில் உங்களைத் தேடி வந்து தெரிவிப்பார்கள். அருகில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் இணைய வரைபடங்களைச் சில குடும்பங்கள் பார்க்கின்றன. பயணிகள் கப்பல்கள் தம் இடத்தை ஏஐஎஸ் கருவி மூலம் ஒலிபரப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் இலவச வரைபடங்கள் பெரும்பாலும் கரையிலுள்ள ஆன்டெனாக்களை நம்பியிருப்பதால், நடுக்கடலில் கப்பலின் குறி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுபோகும். அப்படி நின்றால் கப்பலுக்கு ஆபத்து என்று பொருளல்ல, தகவல் வரவில்லை என்று மட்டுமே பொருள். அந்த வரைபடத்தை அம்மாவுக்குக் காட்டுவதாக இருந்தால், இதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காட்டுங்கள்.