குழந்தை பேசலையேன்னு வீட்டுல தமிழை நிறுத்தாதீங்க

வேளச்சேரியிலேர்ந்து இங்கிலாந்துல லெஸ்டர் வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, பையனுக்கு ரெண்டு வயசு, பத்து பதினஞ்சு வார்த்தைதான் வருது, நர்சரில வாயே திறக்கறதில்ல, ஊர்ல எல்லாரும் வீட்டுலயும் இங்கிலீஷே பேசுங்கன்றாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க.

அந்த அட்வைஸை மட்டும் கேக்காதீங்கம்மா. ரெண்டு மொழி காதுல விழறதால எந்தக் குழந்தைக்கும் பேச்சு தள்ளிப் போறதில்ல, இங்க ஸ்பீச் தெரபிஸ்ட்டுங்களே வீட்டு மொழியை விடாதீங்கன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கு எதுல கொஞ்ச வருதோ கதை சொல்ல வருதோ அதுல பேசுங்க, அதுலதான் அவனுக்கு நிறைய வார்த்தை கிடைக்கும். நர்சரில பேசாம இருக்கறதும் புது மொழிக்கு நடுவுல போய் உக்கார்ற குழந்தைங்க நிறைய பேர் கொஞ்ச நாள் பண்றதுதான்.

ஆனா வீட்டுலயும் பத்து பதினஞ்சுதான்னா சும்மா விடக்கூடாது. ரெண்டு வயசுல சுமார் 50 வார்த்தை வரணும், 'அம்மா வா' மாதிரி ரெண்டு சேர்த்தும் சொல்ல ஆரம்பிக்கணும். எண்ணும்போது தண்ணி, காக்கா, பஸ், பை பை எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து எண்ணுங்க. அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்னு பாட்டி சொல்லுவாங்க, அதை நம்பி தள்ளிப் போடாதீங்க, முன்னாடி சொன்ன வார்த்தை காணாமப் போச்சுன்னா ஒரு நாள்கூட தாமதிக்காதீங்க.

ஜிபில, அதாவது இங்க இருக்கற குடும்ப டாக்டர்கிட்ட, ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்கல்ல? சின்னக் குழந்தைங்க வளர்ச்சியைப் பாக்கற நர்ஸுங்கதான் ஹெல்த் விசிட்டர், அந்த டீமுக்கு நீங்களே போன் போடுங்க. காது டெஸ்ட்டும் கேளுங்க, சளி பிடிச்சு பிடிச்சு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டா குழந்தைக்கு எல்லாம் மந்தமா கேக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நிறைய ஏரியால ஸ்பீச் தெரபிக்கு அப்பா அம்மாவே நேரா ரெஃபர் பண்ணலாம். தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு சொன்னா காசு வாங்காம ஏற்பாடு பண்ணுவாங்க, கூச்சப்படாதீங்க.

வீட்டுல பெருசா ஒண்ணும் வேணாம். பருப்பு கடையிற விளையாட்டு எல்லாருக்கும் தெரியும், உள்ளங்கையில முழங்கையால கடைஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி அம்மாக்கு அப்பாக்குன்னு குடுத்துட்டு, நண்டு ஊருதுன்னு அக்குள் வரைக்கும் போவோம்ல, அந்த அக்குள்கிட்ட போறதுக்கு முன்னாடி சட்டுனு நிறுத்திட்டு அவன் முகத்தையே பாருங்க. அவன் கையை நீட்டுவான், 'ம்ம்'ம்பான், 'ண்டு'ன்னு ஏதாவது வரும், வந்த உடனே கிச்சுகிச்சு மூட்டுங்க. பொறுமையா காத்திருக்கறதுலதான் விஷயமே இருக்கு, நாம அவசரப்பட்டு அவனுக்கும் சேர்த்து பேசிடறோம். தோசை கேட்டு 'தோ'ன்னா, சரியா சொல்லுன்னு மிரட்டாம, 'தோசை வேணுமா, சூடான தோசை'ன்னு நீங்க சொல்லிக் குடுத்துடுங்க, போதும்.

ஊட்டும்போது போன் காட்டறதை நிறுத்துங்க. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம்னு 2019லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. பாட்டிகூட வீடியோ கால் பேசறது வேற, அங்க அவன் 'ஆ'ன்னா பாட்டி பதில் சொல்லுவாங்க, அது தாராளமா நடக்கட்டும்.

ரெண்டு, ரெண்டரை வயசுக்குள்ள ஹெல்த் விசிட்டர் செக் வரும், அதுக்கு முன்னாடி ஒரு கேள்வித்தாள் அனுப்புவாங்க. 'மூக்கு எங்க'ன்னு நீங்க தமிழ்ல கேட்டு அவன் சரியா தொட்டுக் காட்டினாலும் அதுக்கு ஆமான்னே டிக் பண்ணுங்க, பக்கத்துலயே வீட்டுல தமிழ் பேசறோம்னு எழுதி வைங்க.